கைநழுவிய பந்தும் தங்கப் பல்லியும்

காஞ்சிபுரத்துக்கு வந்து வரதராஜப் பெருமாளைச் சேவித்தவர்கள் பல்லியைத் தொடாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். கோயிலுக்குள் ஓரிடத்தில் கூரையை ஒட்டித் தங்கப் பல்லி ஒன்றும் வெள்ளிப் பல்லி ஒன்றும் இருக்கின்றன. கூடவே சூரியனும் சந்திரனும். வரிசையில் நின்று படியேறி, கையை உயர்த்தித் தடவிவிட்டு இறங்க வேண்டும். வீட்டுப் பல்லி மேலே விழுந்த தோஷமெல்லாம் அதோடு போயிற்று என்று பாட்டிமார்கள் நிம்மதி அடைவார்கள். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் இன்னொன்று.

சின்ன வயதில் அந்த வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். விழுகிற பல்லிக்கு இத்தனை பலன் எழுதியவர்கள், விழாத பல்லியைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? ராத்திரி முழுக்க உத்தரத்தில் தலைகீழாக ஓடிப் பூச்சி பிடிக்கிறதே, அது எப்படி?

பெரியவனான பிறகு மறந்துபோன அந்தச் சந்தேகத்தை ஒரு பந்து மறுபடி கிளப்பிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். தாத்தா பட்டு நெசவாளர். வீட்டுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான். அவள் பள்ளி ஹேண்ட்பால் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஒரு சாயங்காலம் பந்தும் கையுமாக வந்து, அழாத குறையாக நின்றாள்.

“மாமா, அந்த அக்காங்க எல்லாம் ஒரே கையில பந்தத் தூக்கி எறியறாங்க. எனக்கு மட்டும் வழுக்கி வழுக்கிப் போகுது. இன்னும் இறுக்கிப் பிடின்றாங்க. இறுக்கினா இன்னும் சீக்கிரமா போகுது!”

தறிக்குழியில் உட்கார்ந்தபடியே தாத்தா சொன்னார்: “கையில பலம் இருக்குது கண்ணு. பிடிதான் பத்தல.”

தாத்தா சொன்னது சரி. அவள் சொன்னதும் சரி. இறுக்கினால் இன்னும் சீக்கிரம் போகும். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

தமிழில் கைப்பந்து என்று எழுதலாம்தான். ஆனால் நம் பத்திரிகைகள் அந்தப் பெயரை வாலிபாலுக்குக் கொடுத்துவிட்டன. எறிபந்து என்றால் த்ரோபாலை நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் வேண்டாம், ஹேண்ட்பால் என்றே வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களம். பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். கோல் கம்பங்களுக்கு நடுவே 3 மீட்டர் அகலம், உயரம் 2 மீட்டர். அதற்கு முன்னால் 6 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காலடிக்குமேல் நடக்கக் கூடாது, மூன்று விநாடிக்குமேல் சும்மா நிற்கவும் கூடாது. தட்டணும், கொடுக்கணும், இல்லையென்றால் எறியணும். முப்பது முப்பது நிமிடமாக ஒரு மணி நேரம். கால்பந்தில் ஒரு கோலுக்காகத் தவம் கிடக்கிறோமே, இதில் ஒரே ஆட்டத்தில் ஐம்பது கோல் விழுவது சாதாரணம்.

இன்னொரு விஷயம். பெரும்பாலான விளையாட்டுகளில் ஆண்கள் முதலில் ஆடுவார்கள், பெண்கள் பின்னால் வந்து சேர்வார்கள். இதில் கதை கொஞ்சம் வேறு. 1917 ஆம் ஆண்டு பெர்லினில் மேக்ஸ் ஹைசர் என்பவர் இந்த ஆட்டத்துக்கு விதி எழுதியபோது, பெண்கள் ஆடுவதற்கென்றுதான் எழுதினார். ஆனாலும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கிடைக்க 1976 ஆம் ஆண்டு மான்ட்ரியல் வரை ஆயிற்று. அது என்ன நியாயமோ!

2024 டிசம்பரில் பெண்களுக்கான ஆசிய ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப் நம் நாட்டிலேயே நடந்தது. புது டில்லியில் இந்திரா காந்தி உள்விளையாட்டு அரங்கம். இந்தியா, ஜப்பான், தென் கொரியா, சீனா, கஜகஸ்தான், ஈரான், ஹாங்காங், சிங்கப்பூர் என்று எட்டு அணிகள். இந்தப் பட்டத்தை மிக அதிக முறை வென்ற நாடு தென் கொரியா. 1988, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணி அது. டில்லி இறுதி ஆட்டத்தில் அந்தத் தென் கொரியாவை ஜப்பான் 25-24 என்று வென்றது. ஒரு மணி நேரம், 49 கோல், வித்தியாசம் ஒன்றே ஒன்று! நம் பெண்களும் சும்மா இல்லை. 2022 ஆம் ஆண்டு அல்மாட்டியில் நடந்த ஆசிய ஜூனியர் போட்டியில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 41-18 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார்கள்.

ஒரு கோலில் கோப்பை கை மாறுகிற ஆட்டத்தில், ஒரே ஒருமுறை பந்து கையிலிருந்து வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்போது எங்கள் தெருப் பெண்ணிடம் வருவோம்.

மாம்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? மெதுவாகப் பிடித்தால் இருக்கும். இறுக்கினால் சர்ரென்று பாய்ந்து பக்கத்தில் இருப்பவர் சட்டையில் போய் விழும். அதே சங்கதிதான் இங்கேயும்.

ஒரு எலுமிச்சம்பழத்தை மேலிருந்து பிடித்துத் தூக்குங்கள். விரல்கள் பழத்தின் இடுப்பைத் தாண்டிக் கீழே போய்விடும். பழம் கூடையில் இருப்பதுபோல விரல்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வழுக்க வழியே இல்லை. இப்போது ஒரு பெரிய பந்தை அதேபோலப் பிடியுங்கள். விரல் நுனி பந்தின் இடுப்புவரை இறங்காது, மேல் பாதியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து அழுத்தினால் அந்த அழுத்தம் பந்தைக் கீழே தள்ளும். அப்படியானால் பந்தைத் தாங்குவது எது? விரலுக்கும் பந்துக்கும் நடுவே இருக்கும் உராய்வு மட்டும்தான். அழுத்தத்தைக் கூட்டினால் உராய்வும் கூடுகிறது, கீழே தள்ளும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை உங்கள் பலம் தீர்மானிப்பதில்லை. விரல் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, தொடும் பரப்பு எவ்வளவு சொரசொரப்பு, இவ்வளவுதான் கணக்கு. “இன்னும் இறுக்கிப் பிடி” என்று சொல்வதால் பயன் இல்லை.

தாத்தாவிடம் ஒரு நூல் வாங்கி அவள் கொண்டுவந்த பந்தைச் சுற்றி அளந்தோம். 58 சென்டிமீட்டர்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹேண்ட்பாலில் மூன்று அளவுப் பந்துகள் உண்டு. பெரிய ஆண்களுக்குச் சுற்றளவு 58 முதல் 60 செ.மீ. பெண்களுக்கு 54 முதல் 56 செ.மீ., எடை 325 முதல் 375 கிராம். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள சிறுமிகளுக்கு 50 முதல் 52 செ.மீ. பள்ளியில் இருந்தது ஒரே பந்து, அதுவும் பெரியவர்களுடையது. அவள் கையை விரித்து நூல் வைத்தோம். கட்டைவிரல் நுனியிலிருந்து உச்சி வழியாகச் சுண்டுவிரல் நுனி வரை 18 செ.மீ. அந்தப் பெரிய பந்தின் இடுப்பைத் தொட வேண்டுமானால் 29 செ.மீ. வேண்டும். அவளுக்கு உரிய சின்னப் பந்தாக இருந்தால் 25 செ.மீ. போதும். அதிலும் அவள் விரல் இடுப்பைத் தொடாதுதான். ஆனால் கணிசமாகக் கீழே இறங்கும், தேவைப்படும் உராய்வும் அந்த அளவுக்குக் குறையும்.

“அப்ப என் கை சின்னக் கை இல்லையா?” என்றாள்.

“பந்து பெருசு” என்றேன். முகம் மலர்ந்தது. அறிவியல் சில நேரம் இப்படியும் உதவும்.

உங்களிடம் பந்து இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் செம்பு, தேங்காய், தர்பூசணி என்று எதையாவது வைத்து அளந்து பாருங்கள். தர்பூசணியை ஒரு கையால் மேலிருந்து தூக்க முயன்று, கீழே போட்டுவிட்டு, என் பேரைச் சொல்லாதீர்கள்.

சரி, அளவு ஒத்துப்போகிறது என்றே வைத்துக்கொள்வோம். டில்லியில் ஆடிய பெண்கள் எல்லாரும் சரியான அளவுப் பந்தில்தான் ஆடினார்கள். அவர்களுக்கும் விரல் இடுப்பைத் தாண்டாது. ஆகவே உராய்வுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

முன்பெல்லாம் பஸ் கண்டக்டர் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு டிக்கெட் கிழிப்பார். துளி ஈரம் பட்டால் விரல்தோல் மென்மையாகிக் காகிதத்தோடு நன்றாகப் படியும், பிடிப்பு கூடும். அதே ஈரம் கொஞ்சம் அதிகமானால் தண்ணீர் நடுவில் படலமாக நின்று வழுக்கிவிடும். ஆட்டக்காரியின் கை வேர்க்காமல் இருக்குமா? அதனால்தான் உலகம் முழுக்க ஹேண்ட்பால் ஆடுபவர்கள் விரலில் பிசின் பூசிக்கொள்கிறார்கள். பைன் மரத்துப் பிசினிலிருந்து வந்த பழக்கம். வயலின் வித்வான் வில்லில் தேய்ப்பாரே ரோசின், அதுவும் பைன் பிசின்தான். கோயிலில் மணக்கிற சாம்பிராணியும் குங்கிலியமும்கூட மரம் வடித்த பிசின்களே. ஆட்டக்காரிகள் சிலர் பாதணியின் ஓரத்தில் ஒரு கட்டிப் பிசினை அப்பி வைத்துக்கொண்டு, ஓடுகிற ஓட்டத்தில் குனிந்து விரலில் தொட்டுக்கொள்வார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இது நடக்காது. மண் தரை. பிசின் பூசிய பந்து இரண்டு முறை தரையில் பட்டால் எள்ளுருண்டை ஆகிவிடும். வெளிநாட்டு அரங்குகளிலும் இது பெரிய தலைவலி. தரை, சுவர், கதவுக் கைப்பிடி எல்லாம் ஒட்டும், சுரண்டிச் சுத்தம் செய்யவே செலவு. எத்தனையோ அரங்குகள் பிசினுக்குத் தடை போட்டிருக்கின்றன. சர்வதேச ஹேண்ட்பால் சம்மேளனமே பிசின் வேண்டாத பந்தைக் கொண்டுவர முயல்கிறது. ஜப்பானின் மோல்டன் நிறுவனம் அப்படியொரு பந்தைச் செய்திருக்கிறது. பிசினைக் கையில் பூசுவதற்குப் பதிலாகப் பந்தின் தோலையே பிடிப்பாகச் செய்துவிடுவதுதான் யோசனை. பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு இதில் சம்மதம் இல்லை. என்னைக் கேட்டால் பிசின் ஒழிவதே நல்லது. பிசின் டப்பாவும் பளபளக்கும் மரத்தரையும் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் அதே ஆட்டம் கிடைக்கும்.

பசை இல்லாமல் பிடிக்க வேண்டும். இங்கேதான் தங்கப் பல்லி வருகிறது.

பல்லியின் காலில் பசை இல்லை. உறிஞ்சும் கிண்ணங்களும் இல்லை. அதன் விரலுக்கு அடியில் வரிவரியாக மடிப்புகள் இருக்கும். அந்த மடிப்புகளில் ஒரு காலுக்கு லட்சக்கணக்கில் மிகமிகச் சின்ன முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, கடைசியில் கரண்டிபோலத் தட்டையாக முடியும். அந்தக் கரண்டியின் அகலம் சுமார் 200 நானோமீட்டர். பட்டுப்புழு நூற்கிற ஒற்றை இழை எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும். அதைவிடவும் சுமார் 50 மடங்கு சின்னது. இவ்வளவு சின்னதாக இருப்பதால் சுவரின் மூலக்கூறுகளுக்கு மிக அருகில் போய் உட்கார முடிகிறது. எந்த இரண்டு பொருளும் அவ்வளவு நெருங்கிவிட்டால் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். வான் டர் வால்ஸ் விசை என்று அதற்குப் பெயர். ஒரு முடியின் இழுப்பு அற்பம்தான். ஆனால் லட்சக்கணக்கான முடிகள் சேர்ந்தால் பல்லியின் எடையைப்போலப் பல மடங்கைத் தாங்கிவிடும். கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2000 ஆம் ஆண்டில் ஒற்றை முடியின் பிடிப்பைத் தனியாக அளந்து காட்டினார்கள்.

இதிலே எனக்கு ரொம்பப் பிடித்தது பல்லி ஒட்டிக்கொள்வதுகூட இல்லை. இவ்வளவு பலமாக ஒட்டிய காலை விநாடிக்குப் பல முறை எடுத்து எடுத்து வைத்து ஓடுகிறதே, அதுதான். சும்மா ஒட்டிக்கொள்வதற்கு ஃபெவிகால் போதும். ஒட்டவும் வேண்டும், வேண்டிய கணத்தில் விடவும் வேண்டும் என்றால்தான் கஷ்டம்.

வீட்டுக் கண்ணாடியில் அம்மா ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், லேசில் நகராது. நகத்தால் ஓரத்தைக் கிளப்புங்கள், சுலபமாக வந்துவிடும். பக்கவாட்டில் இழுக்கும்போது பொட்டின் முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கிறது. ஓரத்தைக் கிளப்பும்போது ஒரு சமயத்தில் மெல்லிய ஒரு கோடு மட்டும்தான் எதிர்க்கிறது. அது விட்டால் அடுத்த கோடு, அப்புறம் அதற்கடுத்தது. பல்லியும் இதையே செய்கிறது. நடக்கும்போது விரலைச் சுருட்டுகிறது. முடிகள் சாயும் கோணம் மாறினதும் வரிசை வரிசையாக உரிந்துவிடும். பலத்தைக் காட்டி இழுப்பதே இல்லை.

பந்து எறிகிற பெண்ணும் உரிக்கத்தான் உரிக்கிறாள்! எறியும்போது பந்து கையிலிருந்து ஒரேயடியாக விடுபடுவது போலத் தெரியும். மெதுவாக ஓடும் வீடியோவில் பாருங்கள். முதலில் உள்ளங்கை விடும், பிறகு கட்டைவிரல், சுண்டுவிரல். பந்து விரல்களின் மேல் உருண்டு போய்க் கடைசியாக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிக் கணம்தான் பந்து எங்கே போகும், எப்படிச் சுழலும் என்று முடிவு செய்கிறது.

சுழற்சி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். களத்தின் ஓரத்திலிருந்து எறிகிற ஆட்டக்காரிக்குக் கோல் வாய் ஒடுங்கித் தெரியும், நடுவில் கோல்கீப்பர் மலைபோல நிற்பார். அவள் பந்தைக் கோலுக்கு வெளியே போகிற மாதிரி தரையில் அடிப்பாள். கோல்கீப்பர் நிம்மதி அடைவார். தரையில் பட்ட பந்து திடீரென்று வளைந்து கோலுக்குள் ஓடிவிடும். கிரிக்கெட்டில் நம் அஸ்வின் ஆஃப் ஸ்பின் போட்டபோது நடந்ததே, அதே தந்திரம்தான். சுழலும் பந்தின் அடிப்பரப்பு தரையை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, தரை அதை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. விரலுக்கும் பந்துக்கும் உராய்வு இல்லாவிட்டால் சுழற்ற முடியாது. பந்துக்கும் தரைக்கும் உராய்வு இல்லாவிட்டால் சுழற்றியும் பயன் இல்லை.

இனி குதிப்பு. 6 மீட்டர் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றேன் அல்லவா? ஆனால் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றிக் குதித்து, கோட்டுக்கு உள்ளே காற்றில் இருக்கும்போது பந்தை எறிந்துவிட்டால் செல்லும். கால் தரையில் படுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் இந்தப் பெண்கள் காற்றில் தொங்குவதுபோலத் தெரிவார்கள். உண்மையில் யாராலும் தொங்க முடியாது. ஒருத்தி 45 செ.மீ. உயரம் குதித்தால் காற்றில் இருக்கும் மொத்த நேரம் சுமார் 0.6 விநாடி. ஆனால் மேலே போகப் போக வேகம் குறைகிறது, உச்சியில் ஒரு கணம் நின்றே போகிறது. கணக்குப் போட்டால், மொத்த நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழித்துவிடுகிறாள். 0.3 விநாடி நேரம், கடைசிப் பதினோரு சென்டிமீட்டருக்குள். நம் கண் அதைத்தான் தொங்குவதாக எடுத்துக்கொள்கிறது. எறிவதற்கு அவள் காத்திருப்பதும் அந்த நேரத்துக்குத்தான்.

எதிரே நிற்கிற கோல்கீப்பரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கையில் உறைகூடக் கிடையாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு விநாடியில் 25 மீட்டர் போகும். ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து எறிந்தால் கோலைத் தொட 0.2 விநாடி. கண்ணில் பட்டதைப் பார்த்துக் கை அசைவதற்கே மனிதருக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே அளக்கலாம். ஒரு அடி ஸ்கேலை நண்பர் மேல் நுனியில் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழ் நுனியில் சுழியம் இருக்கும் இடத்துக்கு இருபக்கமும் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் அவர் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். 15 செ.மீ. கோட்டில் பிடித்தால் உங்கள் நேரம் 0.17 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.20. 30 செ.மீ. என்றால் 0.25. ஸ்கேல் முழுக்க நழுவிப் போய்விட்டால் ராத்திரி சீக்கிரம் தூங்குங்கள்.

பந்தைப் பார்த்த பிறகு நகர்ந்தால் கதை முடிந்துவிடும் என்பதால், நல்ல கோல்கீப்பர் பந்து கையை விடுவதற்கு முன்பே எறிபவளின் இடுப்பையும் தோளையும் முழங்கையையும் பார்த்து முடிவெடுக்கிறார். எறிதல் சாட்டை சொடுக்குவதுபோலக் காலில் தொடங்கி இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாக வருகிறது. வரிசையின் ஆரம்பத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு முடிவு கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். அப்படியிருந்தும் வருகிற பந்துகளில் மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே சிறந்த கோல்கீப்பர் என்று கொண்டாடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது தாத்தா பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தார். மிதியை மிதித்தால் நீளவாக்கு நூலான பாவு மேலும் கீழுமாகப் பிரியும். அந்தச் சந்துக்குள் ஒரு கையால் குறுக்கு நூல் சுற்றிய நாடாவை விடுவார், மறு கை அதை வாங்கிக்கொள்ளும். கண் அங்கே போவதே இல்லை. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீசுவார். வாங்குவதும் விடுவதுமாக ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை.

“தாத்தா, பட்டு நூல் இவ்ளோ வழுக்குதே, சேலை எப்படிப் பிரியாம நிக்குது? பசை போட்டிருக்கீங்களா?” என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி!

பசை இருந்தது. பட்டுப்புழு கூடு கட்டும்போது இழையோடு சேர்த்துச் செரிசின் என்ற பசையைப் பூசித்தான் கட்டுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்தப் பசைதான். சாயம் போடுமுன் சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் பட்டுக்கு மினுமினுப்பு வருகிறது, வழுக்கலும் வருகிறது. விடியற்காலையில் எங்கள் தெருக்களில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். அது நெய்யும்போது நூல் அறாமல் இருப்பதற்கு. சேலையைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கஞ்சியும் அல்ல. ஊடு நூல் ஒவ்வொன்றும் பாவு நூல்களுக்கு மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான இடங்களில் வளைந்து போகிறது. ஒவ்வொரு இடத்திலும் கடுகளவு உராய்வு. எல்லாம் சேர்ந்தால் சேலை.

கடுகளவு உராய்வு என்ன செய்யும் என்று பார்க்க இரண்டு நோட்டுப் புத்தகங்கள் போதும். சீட்டுக்கட்டைக் கலைத்துச் சேர்ப்பதுபோல, இதில் ஒரு பக்கம் அதில் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். நூறு பக்கமாவது வேண்டும், பொறுமையும் வேண்டும். பிறகு இரண்டு பேர் ஆளுக்கு ஒரு நோட்டைப் பிடித்து இழுங்கள். வராது. பசை இல்லை, முடிச்சு இல்லை, இருந்தும் வராது. நடுவில் பக்கங்கள் இரட்டிப்பாகி அடுக்கு தடிக்கிறது. அதனால் ஓரப் பக்கங்கள் சாய்வாகப் போய்ச் சேர்கின்றன. நீங்கள் இழுக்கிற விசையில் ஒரு பகுதி அந்தச் சாய்வால் உள்நோக்கிய அழுத்தமாக மாறிப் பக்கங்களை இன்னும் நெருக்குகிறது. இழுக்க இழுக்க இறுகும். 2016 ஆம் ஆண்டில்தான் பிரான்ஸைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் இதற்குச் சரியான கணக்கைப் போட்டு வெளியிட்டார்கள். பிரிப்பதற்கு வழி? ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் போதும். பொட்டுக்கும் பல்லிக்கும் சொன்னதேதான்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு உடற்கல்வி ஆசிரியை இப்போது 50 செ.மீ. பந்து ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். நின்ற இடத்திலிருந்து எறிந்தால் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. குதித்து எறியும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே விட்டுவிடுகிறாள்.

உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி கண்ணாடி ஜன்னலுக்கு வெளிப்புறம் பல்லி வந்து உட்கார்ந்தால், உள்ளே நின்றபடி அதன் காலடியைப் பாருங்கள். டார்ச் இருந்தால் நல்லது. பிடிக்கப் போகாதீர்கள், பயந்தால் வாலைத் துண்டித்துவிட்டு ஓடிவிடும். அது அடி எடுத்து வைக்கும்போது விரலைச் சுருட்டும் என்று சொன்னேன். நுனியிலிருந்து சுருட்டுகிறதா, அடியிலிருந்து சுருட்டுகிறதா என்று நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.